பழி பாட்டரியின் மீதா?

காலையில் கார் கிளம்பவில்லை என்றால், "பாட்டரி போய்விட்டது" என்பதே வீட்டில் எழும் முதல் குரல். உடனே ஆயிரக்கணக்கில் செலவழித்துப் புதிய பாட்டரி வாங்குகிறோம். சில நாள்களில் அதுவும் படுத்துவிட்டால் என் செய்வது? சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்! அந்தச் சட்டியை நிரப்புவது ஆல்டர்னேட்டர் என்பதை நாம் மறந்துவிடுகிறோம்.

என்ஜினைக் கிளப்புவது பாட்டரியின் வேலை. கிளம்பிய பின் விளக்கு, ஹாரன் முதலியவற்றுக்கு மின்சாரம் தந்து, பாட்டரி இழந்ததையும் ஈடுசெய்வது ஆல்டர்னேட்டரே. 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டலே இதன் அடிப்படை. என்ஜினின் பெல்ட் இழுக்க, உள்ளே மின்காந்தம் சுழல்கிறது. அதைச் சூழ்ந்த கம்பிச் சுருள்களில் மாறுதிசை மின்சாரம் பிறக்கிறது. டயோடுகள் அதை நேர்திசை மின்சாரமாக்குகின்றன. அளவு மீறாமல் காப்பது ரெகுலேட்டர்.

இதில் குறை எங்கே என்று எவ்வாறு அறிவது? முதலில் சாவியைத் திருப்பியதும் பாட்டரிப் படமிட்ட சிவப்பு விளக்கு எரிய வேண்டும். என்ஜின் ஓடியதும் அணைய வேண்டும். அணையாவிடில் அது எச்சரிக்கை.

அடுத்து மல்டிமீட்டரால் அளப்போம். சில மணி நேரம் ஓய்ந்திருந்த வண்டியில், நிறைந்த பாட்டரி சுமார் 12.6 வோல்ட் காட்டும். என்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.5 வரை இருப்பது இயல்பு. எண் உயரவே இல்லையெனில் பாட்டரிக்கு மின்சாரம் வந்து சேரவில்லை. 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் பழுதாகியிருக்கலாம். பாட்டரி சூடேறி நீர் வற்றும். கணினி கட்டுப்படுத்தும் புதிய கார்களில் இவ்வளவு கூடிக் குறையும். எனவே ஒரே அளவை நம்பலாகாது.

ஆல்டர்னேட்டர் மீதும் அவசரப்பட்டுப் பழி போட வேண்டாம். பெல்ட் தளர்ந்திருக்கலாம்; டெர்மினலில் வெள்ளைப் பொடி பூத்திருக்கலாம்; எர்த் கம்பி கழன்றிருக்கலாம். இவை சில நிமிடங்களில் சரியாகக் கூடியவை.

ஓர் எச்சரிக்கை! சோதிப்பதற்காக, ஓடும் என்ஜினில் பாட்டரிக் கம்பியைக் கழற்றவே கூடாது. மின்னழுத்தம் திடீரென எகிறி மின்னணுக் கருவிகளைப் பாழாக்கிவிடும். பின்னலும் தாவணியும் பெல்ட்டின் அருகே செல்லாதிருக்கட்டும்!

தீர விசாரிக்காமல் ஒருவரைக் குற்றவாளி என்போமா? பாட்டரிக்கும் அந்த நீதியை வழங்குவோம். அளந்து பார்த்த பின் மாற்றுவோம்; வீட்டின் பணத்தையும் காப்போம்.