நாய் உண்ண மறுத்தால்: குட்டி வளர்க்கும் கமக்காரருக்குச் சில குறிப்புகள்

வட்டுக்கோட்டைப் பகுதியில் வயலும் தோட்டமும் உடைய வீடுகளிற் பெரும்பாலும் ஒரு நாயைக் காணலாம். நெல்மூடைக்கும் வெங்காயப் பிடிக்கும் ஆட்டுக்கும் கோழிக்கும் இரவில் அதுவே காவல். எனினும், பசு ஒரு வேளை புல்லைத் தொடாவிடின் உடனே மடியையும் வயிற்றையும் தடவிப் பார்க்கும் நாம், நாய் சோற்றை விட்டு எழுந்தால் ‘அதற்குக் கொழுப்பு’ என்று கூறி அப்பாற் போய்விடுகிறோம். இது தவறு. நாய் தனக்குற்றதைத் தெரிவிக்கும் வழிகளில் உண்ணாமை முதன்மையானது. அதன் பொருளை அறியாது நடப்பின் நாய்க்கு மட்டுமன்றி, வளர்ப்பவர் உயிருக்கும் கேடு நேரலாம்.

குட்டியைக் கொண்டுவரும் காலம்

எட்டு வாரம் நிறையுமுன் குட்டியைத் தாயினின்றும் பிரித்தலாகாது. உடன்பிறந்த குட்டிகளோடு விளையாடும்போதே எவ்வளவு அழுத்திக் கடிக்கலாம் என்பதை அது கற்கிறது. பிறந்து மூன்றாம் வாரம் தொடக்கம் ஏறத்தாழ பதினான்காம் வாரம் வரை காண்பனவற்றை அது அச்சமின்றி ஏற்கும். ஆகவே மாடு, கோழி, உழவு இயந்திரம், நீர் இறைக்கும் இயந்திரம், அயலார், சிறுவர் ஆகியோரை அக்காலத்திலேயே அமைதியாகப் பழக்கிவிடுதல் நன்று.

புது வீட்டுக்கு வந்த குட்டி முதல் ஓரிரு நாட்கள் குறைவாக உண்பது இயல்பு. முன்னிருந்த இடத்தில் உண்ட உணவையே கொடுத்து, ஒரு வார காலத்திற் சிறிது சிறிதாக மாற்றுக.

உணவு கொடுக்கும் முறை

மூன்று மாதம் வரை நாளொன்றுக்கு நான்கு வேளையும், ஆறு மாதம் வரை மூன்று வேளையும், அதன்பின் இரண்டு வேளையும் உணவு கொடுக்க வேண்டும். நேரமும் இடமும் மாறாதிருத்தல் அவசியம். இருபது நிமிடத்தில் உண்ணாது விட்டதை எடுத்துவிடுக. நாள் முழுவதும் பாணும் பிஸ்கற்றும் எறிந்துவிட்டு, மாலையிற் சோறு உண்ணவில்லையே என்று வருந்துவதிற் பயனில்லை.

சோற்றிற் சொதியை ஊற்றிக் கொடுப்பதே நம் வழக்கம். இதில் மாப்பொருள் மிகுதி. வளரும் உடலுக்கு வேண்டிய புரதம் குறைவு. உப்பும் தூளும் சேராமல் அவித்து முள் நீக்கிய மீன், முட்டை, பருப்பு ஆகியவற்றுள் ஒன்றைச் சோற்றோடு பிசைந்து கொடுக்கலாம். பசுப்பால் சில குட்டிகளுக்கு வயிற்றோட்டத்தை உண்டாக்கும். சமைத்த கோழி எலும்பு கூராகப் பிளந்து குடலைக் குத்துமாதலின் அதை விலக்குக.

தோட்டத்திலுள்ள நஞ்சுகள்

நமக்கு வருவாய் தரும் வெங்காயம் நாய்க்கு நஞ்சு என்பதைப் பலர் அறியார். அதிலுள்ள கந்தகச் சேர்க்கைகள் நாயின் செங்குருதிக் கலங்களை உடைக்கின்றன. உடல் எடையில் இருநூறில் ஒரு பங்கு உண்டாலே தீங்கு தோன்றலாம். அதாவது, 4 கிலோக்கிராம் எடையுள்ள குட்டிக்கு 20 கிராம் வெங்காயம் போதும். சமைப்பதால் இந்நஞ்சு நீங்காது. சில நாட்களின் பின் முரசு வெளிறும்; சிறுநீர் செம்மண்ணிறமாகும்; உணவில் நாட்டம் குன்றும். உள்ளியும் இத்தகையதே. திராட்சைப்பழம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். அறுவடைக் காலத்திற் கழித்த வெங்காயத்தை முற்றத்திற் கொட்டி வைத்தலும், வெங்காயம் மிகுந்த கறியைச் சோற்றிற் கலத்தலும் கூடா.

பூச்சிநாசினிப் போத்தலையும் எலிநஞ்சையும் பூட்டி வைக்க வேண்டும். நாய் எச்சில் வடித்து, நடுங்கி, வாந்தி எடுப்பின் நஞ்சென ஐயுறுக. உப்பு நீர் புகட்டி வாந்தி எடுக்கச் செய்ய முயலாது, போத்தலின் விவரச்சீட்டுடன் மிருக வைத்தியரிடம் கொண்டு செல்க.

கடித்தலும் கிளறுதலும்

குட்டிக்குப் பாற்பற்கள் 28. நான்காம் மாதம் தொடக்கம் அவை விழுந்து, ஏழாம் மாதமளவில் 42 நிலைப்பற்கள் முளைத்து முடியும். இக்காலத்தில் முரசு உறுத்துவதாற் செருப்பையும் இறைப்புக் குழாயையும் கடிக்கும். சில வேளை உணவையும் வெறுக்கும். அடித்தலாற் பயனில்லை. இறுக முடிந்த தடித்த துணியைக் கடிக்கக் கொடுத்து, உணவை மென்மையாக்குக. விளையாட்டிற் கையைக் கடித்தால் உடனே விளையாட்டை நிறுத்தி எழுந்துவிடுக. சில நாட்களில் அது தானே உணரும்.

நாற்றுமேடையைக் கிளறுவது பெரும்பாலும் எலும்புத்தூள், மீன் உரம் ஆகியவற்றின் மணத்தாலாகும். இத்தகைய உரமிட்ட பாத்தியைச் சில நாட்களுக்கு முள்ளிட்டு அடைப்பதே வழி. உண்ணும் நாயின் அருகே சிறுவர் செல்லாதிருக்கப் பழக்குக.

உண்ணாமைக்குரிய நோய்கள்

குட்டி வயிறு பருத்து, மயிர் மங்கி, மண்ணைத் தின்னின் குடற்புழு இருக்கலாம். வட்டப்புழு தாய் வயிற்றிலிருக்கும்போதே குட்டிக்குத் தொற்றும். ஆதலால் இரண்டாம் வாரம் தொடக்கம் வைத்தியர் கூறும் அளவிற் புழு மருந்து கொடுக்க வேண்டும். நாயின் மலத்தை மரக்கறிப் பாத்தியிலும் எருக்கும்பியிலும் சேர்க்காது ஆழப் புதைக்க வேண்டும். அதிலுள்ள வட்டப்புழுவின் முட்டை சிறுவர் வாய் வழியாகவும், கொக்கிப்புழுவின் இளம்புழு வெறுங்காலின் தோல் வழியாகவும் உடலுட் புகும்.

இரத்தம் கலந்த வயிற்றோட்டமும் வாந்தியும் பார்வோ நோயின் குறிகள். காய்ச்சலும் மூக்கில் இரத்தமும் காணின் உண்ணிக்காய்ச்சலாக இருக்கலாம். கண் மஞ்சளித்தல் எலிக்காய்ச்சலின் குறியாகலாம். வயல் நீரில் இறங்கும் கமக்காரருக்கும் எலிக்காய்ச்சல் தொற்றுமாதலின் விழிப்பு வேண்டும். குட்டி இரண்டு வேளையும், வளர்ந்த நாய் ஒரு நாளும் முற்றாக உண்ணாதிருப்பின் வைத்தியரை நாடுதல் வேண்டும்.

வாயிற் கை விடாதீர்கள்

நாய் உண்ணாது நின்றால் ‘தொண்டையில் முள் சிக்கிவிட்டது’ என்று வாயைத் திறந்து விரலை விடுவது நம்மவர் வழக்கம். இதைப் போன்ற ஆபத்து வேறில்லை. விசர் கொண்ட நாய்கள் எல்லாம் ஓடிக் கடிப்பதில்லை. சில, ஒரு மூலையில் ஊமைபோற் கிடக்கும், கீழ்த்தாடை தொங்கும், எச்சில் வடியும், உணவை நாடிச் சென்றும் விழுங்க இயலாது. முள் சிக்கியது போலவே தோன்றும். மண்வெட்டியும் அரிவாளும் பிடிக்கும் நம் கையிற் கீறலில்லாத நாளில்லை. அக்கீறலில் உமிழ்நீர் பட்டாலே நோய் தொற்றக்கூடும். தடுப்பூசி போட்ட குட்டியாயினும் இவ்வெச்சரிக்கையைக் கைவிடலாகாது.

நோய்க்குறி தோன்றியபின் பிழைப்பது மிக மிக அரிது. ஆயினும் முன்கூட்டியே தடுத்தல் இயலும். பிரெஞ்சு அறிஞர் லூயி பாஸ்டர் 1885இல் ஒரு சிறுவனுக்கு ஊசி ஏற்றி இதனைக் காட்டினார். கடியோ கீறலோ உமிழ்நீரோ பட்டால், அவ்விடத்தைச் சவர்க்காரமிட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவி, அன்றே அரசாங்க வைத்தியசாலைக்குச் செல்க. பச்சிலை கட்டி நாளைக் கடத்தலாகாது. நாயைக் கொல்லாது, கையாற் தொடாது, தனியே அடைத்து வைத்து, வைத்தியருக்கும் பொதுச் சுகாதாரப் பரிசோதகருக்கும் அறிவிக்க.

மூன்று மாதம் நிறையாத குட்டி என்று எண்ணித் தடுப்பூசியைப் பிற்போட வேண்டாம். முதலூசியின் பின் அடுத்த ஊசிக்குரிய நாளை அட்டையிற் குறித்து வைத்து, பின்னர் ஆண்டுதோறும் போடுவிக்க.

விதைநெல்லைத் தேர்ந்து, நாற்றைப் பேணி, களையை முளையிலே கிள்ளும் கமக்காரருக்குக் குட்டி வளர்ப்பும் அரிதன்று. வேளைக்கு உணவும் காலத்துக்கு ஊசியும் கொடுத்து, அது உண்ணாத நாளிற் கையை நீட்டுமுன் சற்று நின்று நோக்குவீராயின், வீட்டுக்காவலும் வீட்டார் உயிரும் ஒருங்கே காக்கப்படும்.