சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை

கச்சிராயபாளையம் தாண்டி வெள்ளிமலைக்கு ஏறும் சாலை. இரண்டாவது கியரில் முக்கி முனகி ஒரு வளைவைத் திரும்பும்போது, எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு டாஷ்போர்டில் எரிகிறது. வண்டி ஓடத்தான் செய்கிறது. மறுநாள் கள்ளக்குறிச்சியில் ஸ்கேனரை மாட்டினால் பி 0420 என்று காட்டும். “கேட்டலிடிக் போச்சுண்ணே, மாத்திடலாம்” என்று பட்டறைத் தம்பி சொல்லும் விலையைக் கேட்டால், மலை ஏறும்போது வாங்காத மூச்சு அங்கே வாங்கும்.

கொஞ்சம் பொறுங்கள். தோசை ஒட்டிக்கொள்கிறது என்பதற்காக யாரும் உடனே கல்லைத் தூக்கிப் போடுவதில்லை.

கேட்டலிடிக் கன்வெர்ட்டர் ஒரு தோசைக்கல். மாவு வருகிறது, தோசையாகிப் போகிறது. கல் அப்படியே இருக்கிறது. வினையூக்கி என்று பள்ளியில் படித்தது இதைத்தான். எஞ்சினிலிருந்து வரும் புகைக்குழாயில், ஓர் எஃகுக் கூட்டுக்குள், பீங்கானில் செய்த தேனடை போன்ற கட்டி இருக்கும். கல்வராயன் மலைத் தேனடையைக் கையில் வாங்கிப் பார்த்தவர்களுக்கு அந்தக் கண்ணறைகளை விளக்க வேண்டியதில்லை. ஒரே வித்தியாசம், இங்கே ஒவ்வொரு கண்ணும் இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் வரை திறந்திருக்கும். அவற்றின் சுவர்களில் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் எல்லாம் சேர்ந்து சில கிராம் பூசியிருப்பார்கள். விலை ஏறுவது அதனால்தான். உள்ளே போவது கார்பன் மோனாக்சைடு, வேகாத பெட்ரோல் ஆவி, நைட்ரஜன் ஆக்சைடுகள். வெளியே வருவது பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு, நீராவி, நைட்ரஜன்.

கல் காயாமல் ஊற்றிய முதல் தோசை என்ன கதியாகும் என்று தெரியும். இந்தக் கல்லும் ஏறக்குறைய 250, 300 டிகிரி செல்சியஸ் காய்ந்த பிறகுதான் வேலையைத் தொடங்கும். வீட்டிலிருந்து நான்குமுனைச் சந்திப்புக்குப் போய்க் காய்கறி வாங்கித் திரும்புகிற வண்டியில் பாதித் தூரம் கல் காய்வதிலேயே போய்விடும்.

இனி விளக்கு எரியும் காரணம். இங்கே தோசைக்கல்லை இறக்கிவைத்துவிட்டு, அடியில் குழாய் வைத்த ஒரு தவலையை எடுத்துக்கொள்வோம்.

ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனால் கலந்த பெட்ரோலுக்குக் காற்று சற்றுக் குறைவாகப் போதும். எந்தச் சமையல்காரராலும் உப்பை ஒவ்வொரு கரண்டியிலும் இம்மி பிசகாமல் போட முடியாது. எஞ்சின் கணினியும் ஒரு நொடி பெட்ரோலைக் கூட்டி, மறுநொடி குறைத்து, சராசரியில் சரிக்கட்டுகிறது. அதனால் புகையில் ஆக்சிஜன் ஒரு முறை மிஞ்சும், மறுமுறை பற்றாது. கன்வெர்ட்டருக்குள் இருக்கும் சீரியம் ஆக்சைடு, மிஞ்சியதை வாங்கி வைத்துக்கொண்டு பற்றாதபோது எடுத்துக் கொடுக்கிறது. தெருக்குழாயில் தண்ணீர் விட்டு விட்டு வந்தாலும், தவலை நிறைந்திருந்தால் அடிக்குழாயில் சீராக வரும் அல்லவா, அப்படி.

தவலைக்கு முன்னால் ஒரு ஆக்சிஜன் சென்சார், பின்னால் ஒன்று. முன்னால் இருப்பது 0.1 வோல்ட்டுக்கும் 0.9 வோல்ட்டுக்கும் இடையே ஓயாமல் ஊசலாடும். (சில வண்டிகளில் முன் சென்சார் வேறு வகை, அதன் அளவு இப்படி ஆடாது.) பின்னால் இருப்பது 0.6, 0.7 பக்கம் அமைதியாக நிற்க வேண்டும். தவலை வண்டல் பிடித்துக் கொள்ளளவு இழந்தால், மேலே விட்டு விட்டு வருவது அப்படியே கீழேயும் வரும். பின் சென்சாரும் முன்னதைப் போலவே ஆடத் தொடங்கும். இதைக் கணினி சோதித்து, பெரும்பாலான வண்டிகளில் அடுத்த ஓட்டத்திலும் அப்படியே இருந்தால், விளக்கைப் போடும். ஆக, கணினி புகையின் நச்சை அளக்கவே இல்லை. தவலை கொள்ளளவு இழந்திருக்கும் என்று ஊகிக்கிறது, அவ்வளவுதான்.

ஊகம் என்பதால் குறுக்கு விசாரணை வேண்டும். முதல் கேள்வி: விளக்கு நின்று எரிந்ததா, கண் சிமிட்டியதா? சிமிட்டினால் மிஸ்ஃபயர். ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் எரியாமல் பச்சையாக வெளியே போகிறது. சமதளத்தில் ஒப்பேற்றிவிடும் பலவீனமான இக்னிஷன் காயில், தேய்ந்த பிளக் இவற்றின் குட்டு, வெள்ளிமலை ஏற்றத்தில் சுமை கூடும்போதுதான் வெளிப்படும். அந்தப் பச்சைப் பெட்ரோல் கன்வெர்ட்டருக்குள் போய் எரியும்; காய்ந்த கல்லில் எண்ணெயைக் கொட்டியது போல. பீங்கானே உருகிவிடும். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்து, ஓரங்கட்டி நிறுத்த வேண்டும். காய்ந்த புல், சருகின் மேல் மட்டும் வேண்டாம்: அடியில் கொதித்துக்கொண்டிருப்பது காட்டுக்கே தீ வைக்கும்.

ஸ்கேனரில் பி 0420 உடன் பி 0300, 0301 என்ற மிஸ்ஃபயர் வரிசையில் ஏதாவது இருந்தால் அதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். மாவைச் சரிசெய்யாமல் கல்லை மாற்றினால் புதுக் கல்லுக்கும் அதே கதி.

சப்பாத்தி சுட்ட கல்லில் தோசை எழும்பாது என்று வீட்டுக்கு இரண்டு கல் வைத்திருக்கிறோம். இங்கே அந்தச் சப்பாத்தி வேலையைச் செய்வது எஞ்சின் ஆயில். தேய்ந்த எஞ்சின் ஆயிலைக் குடித்தால், அதிலுள்ள பாஸ்பரஸும் துத்தநாகமும் பூச்சின் மேல் படிந்து மூடிவிடும். முன்பு ஈயம் இதையே இன்னும் மோசமாகச் செய்தது. 1995 ஏப்ரலில் சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புதிய பெட்ரோல் கார்களுக்குக் கன்வெர்ட்டர் கட்டாயமானபோது, ஈயமில்லாத பெட்ரோலையும் கூடவே கொண்டுவர வேண்டியிருந்தது. நாடு முழுவதும் ஈயம் ஒழிய 2000 பிப்ரவரி ஆயிற்று. ஆகவே கேள்வி இரண்டு: இரண்டு சர்வீசுக்கு நடுவே ஆயில் ஊற்ற வேண்டியிருக்கிறதா?

அடுத்து, கசிவு. கேஸ்கட் போன குக்கர் விசில் அடிக்காதது அரிசியின் குற்றமில்லை. பின் சென்சாருக்கு முன்னால் புகைக்குழாயில் விரிசல் இருந்தால் அது வெளிக்காற்றை இழுக்கும், சென்சார் ஏமாறும். காலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் டிக் டிக் என்ற சத்தமோ, இணைப்பில் கரித்தடமோ இருக்கிறதா பாருங்கள்.

பின் சென்சாரை மட்டும் மாற்றிப் பார்க்கலாம் என்பார்கள். எனக்கு இதில் நம்பிக்கை குறைவு. மரத்த நாக்கு உப்பு கூட என்றும் சொல்லாது, குறைவு என்றும் சொல்லாது; பழுதான பின் சென்சாரும் பெரும்பாலும் ஆடாமல்தான் நிற்கும். அது கெட்டுப்போன கன்வெர்ட்டரை மறைக்குமே தவிர, நல்லதைக் காட்டிக்கொடுக்காது.

உண்மையாகவே கல் உடைந்திருந்தால் சொல்லத் தேவையில்லை. குளிர்ந்த பிறகு கூட்டைத் தட்டினால் கடகடவென்று உருளும். அடைத்துக்கொண்டால் ஏற்றத்தில் வண்டி இழுக்கவே இழுக்காது. அப்போது மாற்றத்தான் வேண்டும். உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்து வெறும் கூட்டை மாட்டித் தருகிறேன் என்பவரிடம் போகாதீர்கள். சட்டப்படி தவறு, தவிர பின் சென்சார் சும்மா இருக்காது.

விளக்கை அழித்துத் தருவதும் மருந்தில்லை. அழித்ததும் கணினி தன் சோதனையை மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அதற்குக் காய்ந்த எஞ்சினும் சீரான வேகமும் வேண்டும். கடைத்தெருவில் சுற்றினால் அது முடியவே முடியாது. பழுது பார்த்த பிறகு சேலம் சாலையில் சின்னசேலம் வரை அவசரமில்லாமல் ஒரே வேகத்தில் போய், ஒரு டீ குடித்துத் திரும்புங்கள். இரண்டு மூன்று நாள் அப்படிப் போயும் விளக்கு வரவில்லையென்றால், வெள்ளிமலைக்குக் கிளம்பலாம்.