வீடு கட்டி முடியுமுன்னே பிள்ளையைப் பாடசாலையில் சேருங்கள்

தோட்டத்துக்குத் திரும்பி வந்ததும் உங்களுக்குச் செய்யவேண்டிய காரியங்கள் நிறைய இருக்கும். கூரைத் தகரம், தண்ணீர்க் குழாய், தோட்டக் காரியாலயத்தில் பதிவு, மறுபடியும் பிரட்டுக்குப் போவது. இந்த வரிசையில் பிள்ளையின் படிப்பு பெரும்பாலும் கடைசியில்தான் வந்து நிற்கிறது. "வீடு ஒரு நிலைக்கு வரட்டும், அடுத்த தவணைக்குப் பார்ப்போம்" என்று இடைத்தங்கல் முகாம்களில் பெற்றோர் சொல்வதைக் கேட்டிருக்கிறோம். அதில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டோம். ஆனாலும் இந்த ஒரு காரியத்தை மட்டும் வரிசையின் முன்னுக்குக் கொண்டுவாருங்கள் என்று கேட்கவே இந்தப் பக்கங்களை எழுதுகிறோம்.

2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாடசாலைக்குப் புறப்பட்டுப் போயிருந்ததாலேயே உயிர் தப்பிய பிள்ளைகள் அங்கே உண்டு. தப்பிய குடும்பங்கள் முதலில் கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளிலும் பிறகு ஒரு பழைய தேயிலைத் தொழிற்சாலையிலும் தங்கின. புதிய வீடுகள் கைக்கு வந்தது 2016 இல். ஏறத்தாழ இரண்டு வருடம். தரம் 9 இல் இருந்த பிள்ளை அதற்குள் க.பொ.த. சாதாரண தரப் பரீட்சைக்கு வந்துவிடும். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த மழையில் பதுளை மாவட்டத்தில் இடம்பெயர்ந்தவர்களுக்கும் இதே கணக்குத்தான். வீட்டுக்குக் காணி பார்க்க வேண்டும், அது பாதுகாப்பானதா என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் சொல்ல வேண்டும், பிறகு கட்ட வேண்டும். பிள்ளையின் வயது அதற்காக நிற்பதில்லை.

இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை பாடசாலைக் கல்வி கட்டாயம். 1998 இல் 14 வயது வரை என்றிருந்ததை 2016 இல் 16 ஆக உயர்த்தினார்கள். இதைப் பெற்றோருக்கு விதித்த கட்டளையாக மட்டும் பார்க்காதீர்கள். இடமில்லை என்றோ, கடதாசி இல்லை என்றோ யாராவது சொன்னால் உங்கள் கையில் இருக்கும் பிடியும் அதுதான்.

எங்கே போவது?

நீங்கள் இப்போது தங்கியிருக்கும் இடத்துக்குக் கிட்டிய தமிழ்ப் பாடசாலையின் அதிபரிடம் முதலில் போங்கள். உறவினர் வீடோ, தற்காலிகக் கொட்டகையோ, எதுவானாலும் பரவாயில்லை. பழைய பாடசாலையிலிருந்து விடுகைப் பத்திரம் வாங்க முடிந்தால் வாங்குங்கள். அது மண்ணோடு போயிருந்தால், அல்லது அந்தப் பாடசாலையே மூடியிருந்தால், அதைச் சொல்லியே பேச்சைத் தொடங்குங்கள். அதிபரால் முடிவெடுக்க முடியாவிட்டால் வலயக் கல்விப் பணிமனைக்குப் போக வேண்டும். பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை, வெலிமடை, பசறை, வியலுவ, மகியங்கனை என்று வலயங்கள் இருக்கின்றன. உங்கள் பாடசாலை எந்த வலயம் என்று முதலே கேட்டுக்கொள்ளுங்கள். பஸ் காசும் ஒரு நாள் பேரும் வீணாகப் போய்விடக்கூடாது.

பிறப்புச் சான்றிதழ் தொலைந்திருந்தால் பயப்பட வேண்டாம். பிறப்பு பதிவாகியிருந்தால் அதன் பிரதியைப் பிரதேச செயலகத்தில் எடுக்கலாம். பிறந்த ஊருக்கே போகத் தேவையில்லை. பிறப்பே பதியப்படாமல் மூன்று மாதம் கடந்துவிட்டால் அது காலங்கடந்த பதிவாகும். அதற்கும் பிரதேச செயலகத்தில் உள்ள மேலதிக மாவட்டப் பதிவாளரைத்தான் பார்க்க வேண்டும். பதிவு முடிய மாதக் கணக்கில் ஆகலாம். அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காதீர்கள். விண்ணப்பம் கொடுத்ததற்கான துண்டையும் ஒரு சத்தியக் கடதாசியையும் அதிபரிடம் காட்டி, பிள்ளையை வகுப்பில் உட்கார வைக்கும்படி கேளுங்கள்.

தோட்டப்புறத்துக்கே உரிய ஒரு சிக்கலும் இருக்கிறது. பிறப்பைச் சிங்களத்தில் பதியும்போது பெயர் மாறிவிடுகிறது. வீட்டில் ஒரு பெயர், சான்றிதழில் ஒரு பெயர், பாடசாலை இடாப்பில் மூன்றாவது ஒன்று. சின்ன வகுப்புகளில் யாரும் இதைக் கவனிப்பதில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு விண்ணப்பிக்கும்போது, தேசிய அடையாள அட்டை எடுக்கும்போது வந்து நிற்கும். இப்போது எப்படியும் எல்லாப் பத்திரங்களையும் புதிதாக எடுக்கப் போகிறீர்கள். மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். திருத்த வேண்டுமானால் இதுவே நல்ல நேரம். 15 வயது முடிந்த பிள்ளையின் அடையாள அட்டை விண்ணப்பத்தை அதிபர் மூலம் அனுப்பலாம். பாடசாலையை விட்டவர்களுக்குக் கிராம உத்தியோகத்தரோ தோட்ட அத்தியட்சகரோ உறுதிப்படுத்துவார்.

இடையில் நின்ற பிள்ளைகள்

நாங்கள் அதிகம் கவலைப்படுவது 13, 14 வயதுப் பிள்ளைகளைப் பற்றி. சின்னவர்கள் எப்படியும் திரும்பிப் போய்விடுகிறார்கள். பெரியவர்களுக்கு வெட்கம் வருகிறது. "மற்றவர்கள் எல்லாம் முன்னுக்குப் போயிட்டாங்க" என்று ஒரு பையன் சொன்னால் அதற்குப் பின்னால் கணக்குப் பாடம் புரியாத பயம் இருக்கும். அந்த நேரத்தில்தான் தெரிந்த ஒருவர் வந்து கொழும்பில் கடை வேலை இருக்கிறது, வீட்டு வேலை இருக்கிறது என்பார். வீடிழந்த குடும்பத்துக்கு அந்தச் சம்பளம் பெரிய காசு. இருந்தாலும் தெரிந்துகொள்ளுங்கள்: 2021 முதல் 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை வேலைக்கு அமர்த்துவது சட்டப்படி குற்றம். அப்படிப் போன பிள்ளையைப் பற்றிக் கவலை இருந்தால் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள்.

மாதக் கணக்கில் படிப்பு விட்டுப்போனாலும் வயதுக்கேற்ற தரத்தில் சேர்ப்பதே இங்கு வழக்கம். விட்டுப்போன பாடத்தைப் பிடிக்க மாலை வகுப்பு தேவை. நீண்ட காலம் பாடசாலைப் பக்கமே போகாத பிள்ளைக்கு வலயப் பணிமனையில் முறைசாராக் கல்விப் பிரிவு என்று ஒன்று இருக்கிறது, அங்கே விசாரியுங்கள். சாதாரண தரத்தில் சித்தியடையாத பிள்ளைக்கும் வழி அடைபட்டுவிடவில்லை. 13 வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டத்தில் தெரிந்தெடுத்த பாடசாலைகளில் தொழிற்பாடங்கள் படிக்கலாம்.

எங்களைப் போன்ற நிறுவனங்கள் இதில் என்ன செய்ய முடியும்? புத்தகப் பையும் கொப்பிகளும் கொடுப்பது இலகு, படமும் எடுக்கலாம். பாடநூல் 1980 முதலும் சீருடைத் துணி 1993 முதலும் அரசாங்கமே இலவசமாகத் தருகிறது. அவை உங்கள் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை என்றால் அதைக் கேட்டுப் பெற உதவுவதுதான் எங்கள் வேலை. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கொடுத்தால் அது சமமாகிவிடாது. ரோட்டுக்குப் பக்கத்து லயத்துப் பிள்ளையும் மேல் டிவிசனிலிருந்து மலையிறங்கி நடக்கும் பிள்ளையும் காலை மணியடிக்கும்போது ஒரே நிலையில் இருப்பதில்லை. மேல் டிவிசன் பிள்ளைக்குக் கொப்பியைவிடக் காலைச் சாப்பாடும், கூட நடந்து வரும் ஒரு பெரியவரும் அவசரம்.

இந்த ஏற்றத்தாழ்வு நேற்று வந்ததல்ல. 1920 ஆம் ஆண்டுக் கல்விச் சட்டம் தோட்டப் பாடசாலையைத் துரைமாரின் பொறுப்பில் விட்டது. பல இடங்களில் ஒரு அறை, ஒரு வாத்தியார், அவ்வளவுதான். 1945 இல் நாடெங்கும் இலவசக் கல்வி வந்தபோதும் தோட்டப் பாடசாலைகள் அதற்கு வெளியிலேயே நின்றன. அரசாங்கம் அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது 1970களில்தான். உங்கள் அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றதற்கு அவர் காரணமல்ல.

மழை நாட்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. மண்சரிவு எச்சரிக்கை மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்று மூன்று படியாக வரும். 24 மணித்தியாலத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் மஞ்சள், 100 ஐத் தாண்டினால் செம்மஞ்சள், 150 ஐத் தாண்டினால் சிவப்பு. சிவப்பு என்றால் வெளியேற வேண்டும். பிள்ளை நடக்கும் பாதை எந்தச் சரிவின் கீழாகப் போகிறது, அன்றைக்குப் பாடசாலை எந்த வழியாகப் பிள்ளைகளை அனுப்பும் என்று அதிபரிடம் கேட்டு வையுங்கள். மழைச் சத்தம் கேட்டாலே அழும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் அதை வகுப்பாசிரியரிடம் மறைக்காதீர்கள்.

பணிமனைக்குப் போக ஒரு நாள் பேர் போகும் என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் ஒரே பாடசாலைக்குச் சேர்க்க வேண்டிய நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து, எல்லாருடைய பத்திரங்களையும் ஒருவரிடம் கொடுத்து அனுப்பலாம். முதல் நாள் எங்கள் கள உத்தியோகத்தரிடம் சொன்னால் அவரும் கூட வருவார். பிள்ளையின் பெயர், பிறந்த திகதி, கடைசியாகப் படித்த தரம், பழைய பாடசாலையின் பெயர் ஆகிய நான்கையும் ஒரு தாளில் எழுதி, பத்திரங்களோடு பிளாஸ்டிக் உறையில் போட்டுக் கொடுங்கள். பிரதிகள் உங்களிடம் இருக்கட்டும்.