கால்குலேட்டர் வித்த காசுல கம்ப்யூட்டர்: திருச்செந்தூர் பக்கத்து இளைஞரின் ஹெச்.சி.எல் டெல்லியில் பிறந்தது ஏன்?

தூத்துக்குடி மில்லர்புரத்தில் இன்று சின்னக் கடையில்கூட பில் போடுவது கம்ப்யூட்டர்தான். ஆனா 50 வருஷத்துக்கு முன்னாடி, ஒரு நடுத்தர கம்பெனி சொந்தமாகக் கம்ப்யூட்டர் வாங்குவதே பெரிய விஷயம். அந்த நிலையை மாற்றிய இந்திய நிறுவனங்களில் ஒன்று ஹெச்.சி.எல். அதை முன்னின்று தொடங்கிய ஷிவ் நாடார் இதே தூத்துக்குடி மாவட்டத்துக்காரர். அப்போ கம்பெனி மட்டும் ஏன் வடக்கே போச்சு? விரிவாகப் பார்க்கலாம்.

யார் இந்த ஷிவ் நாடார்?

1945-ல் திருச்செந்தூர் அருகே மூலைப்பொழி கிராமத்தில் பிறந்தவர். கோவை பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரியில் இன்ஜினீயரிங் படித்தார். 1967-ல் புனேவில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு டெல்லியில் கால்குலேட்டர் தயாரித்து விற்ற டி.சி.எம். நிறுவனத்துக்கு மாறினார். அங்கே அர்ஜுன் மல்ஹோத்ரா, அஜய் சௌத்ரி உள்ளிட்ட நண்பர்கள் கிடைத்தார்கள். எல்லாருக்கும் ஒரே ஆசை: சொந்தமாகக் கம்ப்யூட்டர் தயாரிக்க வேண்டும்.

முதலில் ஏன் கால்குலேட்டர்?

கம்ப்யூட்டர் தயாரிக்க இரண்டு விஷயம் வேணும். ஒண்ணு பணம், இன்னொண்ணு அரசு லைசென்ஸ். ரெண்டுமே அவங்க கையில் இல்லை. நண்பர்கள் சேர்ந்து போட்ட முதலீடு சுமார் 1,87,000 ரூபாய். அதை வைத்து 'மைக்ரோகாம்ப்' என்ற பெயரில் தங்களுக்குத் தெரிந்த கால்குலேட்டர் வியாபாரத்தில் இறங்கினார்கள். கனவு கம்ப்யூட்டர், அதற்கான காசு கால்குலேட்டரில்!

லைசென்ஸ் எங்கிருந்து வந்தது?

இதுதான் கதையின் திருப்புமுனை. அன்று ஒரு தொழிற்சாலை எதைத் தயாரிக்கலாம், எவ்வளவு தயாரிக்கலாம் என்பதை அரசுதான் முடிவு செய்யும். பணம் இருந்தால் மட்டும் போதாது. அந்தச் சமயத்தில் உத்தரப் பிரதேச அரசு தன் மாநிலத்தில் எலக்ட்ரானிக்ஸ் தொழிலை வளர்க்க நினைத்தது. நண்பர்கள் அந்த அரசுடன் கைகோத்தார்கள். அரசுத் தரப்புக்கு 26 சதவீதப் பங்கு போனது. பதிலுக்குக் கம்ப்யூட்டர் தயாரிக்க வழி பிறந்தது. 1976-ல் 'ஹிந்துஸ்தான் கம்ப்யூட்டர்ஸ் லிமிடெட்', அதாவது ஹெச்.சி.எல். உருவானது. டெல்லியை ஒட்டிய, உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த நொய்டாவில் இன்றும் அதன் தலைமையகம் இருப்பதன் வேர் இதுதான்.

ஐ.பி.எம். ஏன் வெளியேறியது?

அப்போது இந்தியக் கம்ப்யூட்டர் சந்தையில் பெரிய பெயர் அமெரிக்காவின் ஐ.பி.எம். வெளிநாடுகளில் பழசாகிப்போன 1401 போன்ற மெஷின்களை இங்கே வாடகைக்கு விடுகிறது என்ற விமர்சனம் அதன் மேல் இருந்தது. 1973-ல் வந்த அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டப்படி, பெரும்பாலான வெளிநாட்டு நிறுவனங்கள் இந்தியக் கிளையில் தங்கள் பங்கை 40 சதவீதமாகக் குறைக்க வேண்டும். ஐ.பி.எம். அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. ஜனதா ஆட்சியில், 1978-ல் நாட்டை விட்டுக் கிளம்பியது.

போட்டியாளர் போனதும் இடம் காலியானது. ஆனா அந்த இடம் ஹெச்.சி.எல்-லுக்கு மட்டும் கிடைக்கவில்லை. டி.சி.எம்., சமையல் எண்ணெய் விற்ற விப்ரோ எனப் பலரும் களத்தில் இறங்கினார்கள்.

8சி கம்ப்யூட்டரில் என்ன விசேஷம்?

பழைய பெரிய கம்ப்யூட்டருக்குத் தனி ஏ.சி. ரூம் வேணும், துளையிட்ட அட்டைகள் வேணும், இயக்கத் தனி ஆட்கள் வேணும். 1978-ல் ஹெச்.சி.எல். கொண்டுவந்த 8சி, மைக்ரோபிராசசர் சிப்பில் இயங்கிய சின்ன மெஷின். இந்தியாவில் உருவான முதல் மைக்ரோகம்ப்யூட்டர்களில் ஒன்றாக அது சொல்லப்படுகிறது.

உதாரணத்துக்கு தூத்துக்குடியையே எடுத்துக்கலாம். 1974-ல்தான் இங்குள்ள துறைமுகம் பெருந்துறைமுகமாக அறிவிக்கப்பட்டது. சரக்கு கூடக்கூட ஷிப்பிங் ஆபீஸில் பேரேடும் கூடும். யாருக்கு எவ்வளவு பாக்கி, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று எல்லாம் கைக்கணக்கு. இந்த மாதிரி ஆபீஸ்கள்தான் சின்னக் கம்ப்யூட்டருக்கான சந்தை. மெஷினை மட்டும் கொடுத்தால் அவர்களுக்குப் பயன் இல்லை. சம்பளப் பட்டியல், ஸ்டாக் கணக்குக்கு சாஃப்ட்வேர் வேணும், ரிப்பேர் பார்க்க ஆள் வேணும், ஓட்டிக் காட்டப் பயிற்சி வேணும். வன்பொருள் கம்பெனி சேவை நிறுவனமாக மாறியதற்கான விதை இங்கேதான் இருக்கிறது.

பிறகு என்ன நடந்தது?

1980-ல் சிங்கப்பூரில் கால் பதித்தது. 1984-ல் ராஜீவ் காந்தி அரசு புதிய கம்ப்யூட்டர் கொள்கையை அறிவித்து இறக்குமதிக் கட்டுப்பாடுகளைத் தளர்த்தியது. உடனே 'பிஸிபீ' என்ற பர்சனல் கம்ப்யூட்டரோடு ஹெச்.சி.எல். வந்தது. 1989-ல் அமெரிக்காவுக்குப் போனது.

தூத்துக்குடிக்கு இதில் என்ன?

1976-ல் திறமை இருந்தும், கம்பெனி எங்கே வரும் என்பதை லைசென்ஸ்தான் தீர்மானித்தது. 1991 சீர்திருத்தத்துக்குப் பிறகு பெரும்பாலான தொழில்களுக்கு அந்தக் கட்டாயம் நீங்கியது. ஹெச்.சி.எல். மதுரையில் மையம் நடத்துகிறது. தூத்துக்குடியிலும் 2024 டிசம்பரில் நியோ டைடல் பூங்கா திறக்கப்பட்டது. அன்று மூலைப்பொழியில் பிறந்தவர் கம்ப்யூட்டர் செய்ய டெல்லி வரை போக வேண்டியிருந்தது. இன்று மில்லர்புரத்துப் பிள்ளைகளுக்கு அந்த லைசென்ஸ் தடை இல்லை. முதலீடும் வாய்ப்பும் ஊருக்குள் எவ்வளவு வரும் என்பதுதான் இனி கேள்வி.