கேள்விக்குறியான பெயர்கள்



கழகச் செயலாளராகப் பொறுப்பேற்றபோது, மூத்த அண்ணன் ஒருவர் முன்னாள் உறுப்பினர் பட்டியலைக் குறுவட்டில் தந்தார். 2004-இல் தம் கையடக்கக் கருவியையும் மேசைக் கணினியின் மின்னஞ்சல் மென்பொருளையும் இணைத்து அவர் பராமரித்த பட்டியல் அது. ஆண்டு விருந்துக்கு அழைக்கலாம் என்று திறந்தேன். சில பெயர்கள் புரியாத கிறுக்கலாக இருந்தன. நாற்பது பெயர்கள் வெறும் கேள்விக்குறிகள்! தொலைபேசி எண்கள் மட்டும் பிழையின்றி இருந்தன.

ஏன் இப்படி? கணினி எழுத்தை எண்ணாகவே சேமிக்கிறது. அக்காலக் கருவிகள் பலவற்றில் எழுத்துகளுக்கு மொத்தம் 256 இடங்கள்தாம். 'திஸ்கி' குறியேற்றம் அந்த இடங்களின் மேல் பாதியில் தமிழை அமர்த்தியது. உரிய எழுத்துரு இல்லாவிட்டால் கிறுக்கலாகத் தெரியும். ஆனால் உள்ளிருக்கும் எண் மாறாது. எனவே அப்பெயர்களை மாற்றி மென்பொருள் கொண்டு மீட்டேன்.

ஒருங்குறி வேறு வகை. 1991-இல் வெளிவந்த அது தமிழுக்கென்றே 128 இடங்களை ஒதுக்கியது. ஒருங்குறியில் எழுதிய பெயர் அதை அறியாத கருவிக்குப் போகும்போது, இணைப்பு மென்பொருள் உரிய இடம் காணாமல் ஒவ்வொரு குறியீட்டுக்கும் கேள்விக்குறியை, அதாவது 63 என்ற எண்ணை, இட்டுவிடும். துணைக்குறிகளையும் சேர்த்தால் கவிதாவுக்கும் ஐந்து கேள்விக்குறி, அமுதாவுக்கும் ஐந்து. பிறகு யார் யாரென்று எப்படி அறிவது?

கணினியில் நல்ல பெயர் இருந்திருக்குமே என்பீர்கள். இணைப்பு இருவழிப் பாதை. கருவியில் ஒருவரின் தொலைபேசி எண்ணைத் திருத்தினால், அந்தப் பதிவு முழுவதும் கணினிக்குத் திரும்பக்கூடும். கூடவே வரும் கேள்விக்குறி நல்ல பெயரை அழித்துவிடும்.

வேறு வழியின்றி நாற்பது எண்களையும் அழைத்தேன். பல எண்கள் பயன்பாட்டில் இல்லை. எடுத்த ஓர் அக்கா, "எம் பேரு கூட உங்ககிட்ட இல்லையா, தம்பி?" என்றார். தமிழ்ப்பள்ளியை விட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் என் பெயரைத் தமிழில் எழுதும் வாய்ப்பே எனக்கு அரிதாகிப் போனது. அதனால் அந்தக் கேள்வி சுட்டது.

இன்றைய கைப்பேசிகள் ஒருங்குறியை அறியும். ஆயினும் பழைய பட்டியலை மாற்றுமுன் தனிப்படி ஒன்று எடுங்கள். கோப்பை யூடிஎஃப்-8 வடிவில் சேமியுங்கள். முதலில் ஒரே ஒரு தமிழ்ப் பெயரை அனுப்பிச் சோதியுங்கள். இணைப்பு வேறு, காப்புப்படி வேறு. ஒரு பக்கம் அழிந்தது மறுபக்கமும் அழியும்.

அந்த அக்காவின் பெயரை மறுபடியும் தமிழிலேயே பதிந்திருக்கிறேன்.