நகையும் நோயும்: தூரெத் நோயரைத் திரையிற் கண்டோர்

கிள்ளானுக்குத் தெற்கே, லங்காட் ஆற்றினால் பெருநிலத்தினின்று பிரிக்கப்பட்டுக் கிடப்பது கேரி தீவு. எட்வர்டு வாலண்டைன் கேரி என்னும் ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரால் வழங்கும் இத்தீவில் முன்னர் ரப்பரும் இன்று செம்பனையும் பெரும் பயிர்கள். தோட்டத் தமிழர், மாமேரிப் பழங்குடியினர், மலாயர் ஆகியோர் அடுத்தடுத்து வாழும் இத்தகைய இடங்களில் ‘லாத்தா’ என்னும் மலாய்ச் சொல் தமிழர் காதுக்கும் புதிதன்று. தட்டு விழுந்த ஓசையாலோ, பின்னின்று ஒருவர் தொட்டதாலோ திடுக்கிட்டவர் தம்மையறியாமல் தகாச் சொல்லைக் கூறிவிடுவார். எதிரில் நிற்பவரின் செயலை அப்படியே செய்வார். ‘குதி’ என்றால் குதித்தும் விடுவார். இதுவே லாத்தா. இது நடுவயது கடந்த பெண்களிடமே மிகுதியாகக் காணப்படுவது என்பர். சுற்றி நிற்போர் சிரிப்பர்; சிலர் சிரிப்பதற்காகவே மீண்டும் திடுக்கிடச் செய்வர்.

மலாய்ச் சொல் பாரிசுக்குச் சென்ற வரலாறு

இம்மலாய்ச் சொல் ஐரோப்பிய மருத்துவ நூல்களுட் புகுந்த வரலாறு வியப்புக்குரியது. 1883ஆம் ஆண்டில் ஓ'பிரையன் என்பார் அரச ஆசியக் கழகத்தின் நீரிணைக் கிளை வெளியிட்ட இதழில் லாத்தாவைப் பற்றி எழுதினார். பாரிசு நகரில் சார்க்கோ என்னும் பேராசிரியரிடம் பயின்ற ழில் த லா தூரெத் என்னும் இளம் மருத்துவர் அக்கட்டுரையை அறிந்திருந்தார். அமெரிக்காவின் மெயின் மாநிலத்தில் திடுக்கிட்டுக் குதிக்கும் மரம்வெட்டிகளைப் பற்றியும், சைபீரியாவில் காணப்பட்ட அதுபோன்ற நிலையைப் பற்றியும் வந்த செய்திகளோடு மலாயாவின் லாத்தாவையும் சேர்த்து 1884இல் அவர் ஒரு கட்டுரை வரைந்தார். மறு ஆண்டு, அடங்காத உடலசைவும் குரலொலியும் உடைய ஒன்பது நோயாளரை விவரித்தார். அந்நோய்க்குச் சார்க்கோ தம் மாணவரின் பெயரையே இட்டு வழங்கினார்.

லாத்தாவும் இந்நோயும் ஓரினத்தன என்று தூரெத் கருதினார். பின்வந்த ஆய்வாளர் அவ்வாறு கருதவில்லை. லாத்தா புறத்தே நிகழும் திடுக்கீட்டினால் எழுவது; பெரும்பாலும் முதிர்ந்த வயதில் தோன்றுவது. தூரெத் நோயோ அகத்திலிருந்தே எழுவது. இளமையில், பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள், தொடங்குவது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளிடத்து மூன்று நான்கு மடங்கு மிகுதியாகக் காணப்படுவது. ஆயினும் இரண்டும் ஓர் இடத்தில் ஒன்றுபடும். இரண்டையும் காண்போர் உள்ளத்தில் எழும் முதற் கேள்வி, “இவர் நடிக்கிறாரோ?” என்பதே.

திரையிற் கண்டோர் இருவகையினர்

1989ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஒலிபரப்புக் கழகத்தின் தொலைக்காட்சி, ‘ஜான் பித்தனல்லன்’ என்னும் பொருள்படும் தலைப்பில் ஓர் ஆவணப்படத்தை ஒளிபரப்பியது. ஸ்காத்துலாந்தின் காலஷீல்சு ஊரைச் சேர்ந்த ஜான் டேவிட்சன் என்னும் பதின்பருவச் சிறுவனின் வாழ்க்கையே அதன் பொருள். கழுத்து வெட்டி இழுக்கும்; கை நீளும்; வாயினின்று வசைச்சொற்கள் பீறிடும். படத்தைக் கண்டோர் இருவகையாயினர். சிறுவனின் துன்பத்தையும் அவன் குடும்பத்தார் பட்ட பாட்டையும் உணர்ந்து இரங்கியோர் ஒரு சாரார். வசைச்சொற்களை மட்டும் பிடித்துக்கொண்டு நகைத்தோர் மற்றொரு சாரார். நோயரிடையேயும் மனநிறைவும் மனக்குறையும் கலந்தே நின்றன. தம் நோய்க்கு ஒரு பெயர் உண்டு என்பதை உலகம் அறிந்ததே என மகிழ்வதற்கு இடமுண்டு. வசைபாடுவதே இந்நோய் என்னும் தவறான எண்ணம் பரவிற்றே என வருந்துவதற்கும் இடமுண்டு. இந்நோயருள் தகாச் சொல் கூறுவோர் ஏறத்தாழப் பத்தில் ஒருவரே. ஏனையோர் கண் சிமிட்டுதல், தோள் குலுக்குதல், தொண்டை செருமுதல், மூக்கை உறிஞ்சுதல் போன்றவற்றோடு நிற்பர்.

மலாயாவின் லாத்தாவும் திரையேறியதுண்டு. ரொனால்டு சைமன்சு என்னும் அமெரிக்க உளமருத்துவர் மலாயர் வாழும் சிற்றூரில் எடுத்த படம் 1983இல் வெளிவந்தது. மனிதர் அனைவர்க்கும் உள்ள திடுக்கீட்டை ஒரு சமுதாயம் தன் வழக்கத்தால் வளர்த்தெடுத்ததே லாத்தா என்பது அவர் கருத்து. மானிடவியலாளர் மைக்கேல் கென்னி அதனை மறுத்தார். உடலியலைவிட, சமுதாயத்தில் அது பெறும் பொருளே முதன்மையானது என்பது அவர் வாதம். அறிஞர் உலகிலும் ‘தானாக வருவதா, நாடகமா?’ என்னும் வினா ஓயவில்லை.

எள்ளலும் நகையும்

கண்டோர் நகைத்தது ஏன்? தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் எண்வகை மெய்ப்பாட்டுள் நகையை முதலில் வைத்தார். அது பிறக்கும் நிலைக்களன்களுள் முதலாவதாக எள்ளலைக் கூறினார். எள்ளல் இருவகைப்படும் எனப் பேராசிரியர் உரை விளக்கும். பிறரைத் தான் இகழ்ந்து நகுவது ஒன்று. பிறர் தன்னை இகழ்ந்தவிடத்துத் தான் நகுவது மற்றொன்று. திரையின் முன் அமர்ந்து நகைத்தோர் முதல்வகையினர். நாணத்தை மறைக்கத் தாமும் உடன் சிரித்துவிடும் நோயர் இரண்டாம் வகையினர். அச்சிரிப்பைக் கண்டு ‘இவனுக்கே இது விளையாட்டாக இருக்கிறதே’ என்று முடிவு கட்டுவது பெரும்பிழை.

‘நடிப்பு’ என்னும் ஐயம் எழுவதற்கு ஒரு காரணம் உண்டு. இந்நோயர் அசைவை அல்லது ஒலியைச் சிறிது நேரம் அடக்கிவைக்க வல்லர். தும்மல் வருமுன் மூக்கில் எழும் அரிப்பைப் போல, அசைவு வருமுன் உடலில் ஓர் உந்துதல் தோன்றும். தும்மலைச் சிறிது நேரம் அடக்கலாம்; என்றும் அடக்க இயலாது. அடக்குவதற்கே முயற்சியெல்லாம் செலவாவதால் பாடத்தில் கருத்துச் செல்லாது. அச்சத்தாலும் களைப்பாலும் பிறர் உற்று நோக்குவதாலும் அசைவு மிகும். ஆகவே வகுப்பில் அரைமணி நேரம் அமைதியாக இருந்த மாணவன் பின்னர்க் குரலெழுப்பினால், “அப்போது முடிந்தது, இப்போது ஏன் முடியவில்லை?” என்று ஆசிரியர் சினப்பது இயல்பு, ஆனால் நேர்மையன்று.

ஆசிரியர் கடன்

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட உடலசைவுகளும் குறைந்தது ஒரு குரலொலியும், பதினெட்டு வயதுக்கு முன் தோன்றி, ஓராண்டுக்கு மேல் நீடிப்பின் மருத்துவர் இதனைத் தூரெத் நோய் என்பர். பத்து முதல் பன்னிரண்டு வயது வரை மிகுந்து, பின் பலர்க்குக் குறைந்து வருவது இதன் இயல்பு. அறிவுத்திறனுக்கு இது தடையன்று. 1755இல் ஆங்கில அகராதியை வெளியிட்ட சாமுவேல் ஜான்சனின் விந்தையான உடலசைவுகளையும் ஒலிகளையும் அவர் நண்பர்கள் எழுதிவைத்துள்ளனர். அவர்க்கு இந்நோய் இருந்திருக்கலாம் என மருத்துவர் பலர் கருதுகின்றனர். அமெரிக்கரான பிராடு கோகன் இந்நோயோடே ஆசிரியரானவர். அவர் வரலாற்றைத் தழுவியதே 2018இல் வெளிவந்த ‘ஹிச்கி’ என்னும் இந்திப் படம்.

எனவே தமிழாசிரியர் வகுப்பில் இத்தகைய மாணவனைக் கண்டால் அசைவைப் பொருட்படுத்தாமல் பாடத்தைத் தொடர்தல் வேண்டும். அவன் சிறிது நேரம் வெளியே சென்று வர இசைவு தருதல் வேண்டும். வாய்விட்டுப் படிக்கும் நேரத்தில் ஒலி இடைமறித்தால் பிழை என எண்ணாது பொறுத்தல் வேண்டும். தேர்வில் கூடுதல் நேரம் பெற உதவலாம். பெற்றோரும் மாணவனும் இசைந்தால், நோயின் தன்மையை உடன் பயில்வோர்க்கு எடுத்துரைக்கலாம். அசைவை மாற்றுப் பழக்கத்தால் தணிக்கும் பயிற்சி முறை இன்று உண்டு. அதனை மருத்துவர் அறிவர்.

ஜான் டேவிட்சன் வளர்ந்து, இந்நோயைப் பற்றி மக்களுக்கு எடுத்துரைக்கும் தொண்டில் ஈடுபட்டார். 2019இல் பிரிட்டிஷ் அரசின் விருதைப் பெற்றார். 2025இல் அவர் வாழ்க்கை கதைப்படமாகவும் வந்தது. அன்று அவரைக் கண்டு நகைத்தோருள் தீயவர் மிகச் சிலரே, அறியாதவரே பலர். அறியாமையைப் போக்குவது ஆசிரியர் தொழில். கேரி தீவுத் தோட்டத்துப் பள்ளியாயினும் நகரத்துப் பள்ளியாயினும், வகுப்பில் முதல் நகை எழும்போது மாணவர் கண்கள் ஆசிரியர் முகத்தையே நோக்கும். அம்முகத்தில் எள்ளல் தோன்றாதாயின் வகுப்பிலும் தோன்றாது.