இணையக் கடை திறக்கவில்லையா? பதறாமல் செய்ய வேண்டியவை



நமது அறக்கட்டளையின் சுயதொழில் உதவியைப் பெற்று, வீட்டிலிருந்தபடியே இணையத்தில் கடை நடத்தும் சகோதரிகள் நம் ஜமாஅத்தில் பெருகி வருகிறார்கள், அல்ஹம்துலில்லாஹ். புர்கா, அத்தர், ஊறுகாய், கைவேலை செய்த தொப்பி என்று பொருள்கள் வேறுபட்டாலும், பெரும்பாலான கடைகள் வேர்ட்பிரஸ் மென்பொருளிலும் அதனுடன் இணைந்த வூகாமர்ஸிலும்தான் இயங்குகின்றன.

கடந்த ரமளான் பிறை 18 அன்று ஒரு சகோதரி அழுதுகொண்டே நம் அலுவலகத்துக்கு வந்தார். கணவரை இழந்தவர், பெருநாள் விற்பனையை நம்பித் துணி வாங்கி அடுக்கியிருந்தார். கடைக்குள் லாகின் செய்ய முடியவில்லை. பாஸ்வேர்டை மீட்கும் கடிதமோ, கடையை அமைத்துத் தந்த தம்பியின் மின்னஞ்சலுக்குப் போயிருக்கிறது. அவர் வேலைக்காக வளைகுடாவில் இருந்தார். நான்கு நாள் ஆர்டர்கள் முடங்கின. குறையைச் சரிசெய்ய ஆன நேரம் அரை மணிக்கும் குறைவு. வேறு எவரும் இப்படித் தவிக்கக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறோம்.

முதலில் பேக்கப்

எதையும் தொடுமுன், ஹோஸ்டிங் கணக்கிலிருந்து கடையின் கோப்புகளையும் டேட்டாபேஸையும் நகல் எடுத்து வையுங்கள். ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைப்பதுதானே நமக்குக் கற்றுத் தரப்பட்ட முறை.

லாகின் ஆகவில்லை என்றால்

வேறு பிரவுசரில் அல்லது பிரவுசரின் இன்காக்னிடோ பக்கத்தில் முயன்று பாருங்கள். அங்கே திறந்தால் குறை கடையில் இல்லை. பழைய குக்கீகளையும் கேஷையும் அழித்தால் போதும். குக்கீ என்பது கடை நமக்குத் தரும் அனுமதிச் சீட்டு. பிரவுசர் அதை ஏற்காவிட்டால், சரியான பாஸ்வேர்டு கொடுத்தாலும் உள்ளே விடாது. செல்போனில் வரும் ஆறு இலக்கக் குறியீட்டுச் செயலியைப் பயன்படுத்துகிறவர்கள், போனின் நேரம் சரியாக உள்ளதா என்று பாருங்கள். நேரம் பிசகினால் குறியீடும் பிசகும்.

பாஸ்வேர்டு கொடுத்ததும் மீண்டும் அதே லாகின் பக்கமே வந்தால், பெரும்பாலும் முகவரிக் குழப்பம்தான். கடைக்கு எஸ்எஸ்எல் சான்றிதழ் போட்ட பிறகும், உள்ளே பதிவாகியிருக்கும் முகவரி பழைய எச்டிடிபி என்றே இருக்கும். செட்டிங்ஸ் பகுதியில் ஜெனரல் பக்கத்திலுள்ள இரண்டு முகவரிகளையும் எச்டிடிபிஎஸ் என்று மாற்ற வேண்டும். உள்ளே போகவே முடியாதவர்கள் டபிள்யூபி-கான்ஃபிக் கோப்பில் அந்த முகவரிகளை எழுதலாம். நம் சகோதரியின் கடையில் இருந்த குறை இதுவே.

மீட்புக் கடிதம் வேறொருவருக்குப் போகிறதா? ஹோஸ்டிங் கணக்கில் பிஎச்பிமைஅட்மின் வழியாக டேட்டாபேஸைத் திறந்து, பயனர்கள் அட்டவணையில் உங்கள் பெயருக்கு நேரே உள்ள மின்னஞ்சலை மாற்றிவிட்டு மீண்டும் கேளுங்கள்.

பக்கம் வெள்ளையாக நின்றால்

புதிதாகப் போட்ட அல்லது புதுப்பித்த பிளக்இன்தான் பெரும்பாலும் காரணம். 2019இல் வந்த வேர்ட்பிரஸ் 5.2 முதல், இத்தகைய பிழை ஏற்பட்டால் நிர்வாகியின் மின்னஞ்சலுக்கு மீட்பு இணைப்பு ஒன்று வரும். அது வராவிட்டால், ஹோஸ்டிங்கின் ஃபைல் மேனேஜரில் பிளக்இன்ஸ் என்னும் ஃபோல்டரின் பெயரை மாற்றுங்கள். லாகின் செய்து பிளக்இன் பட்டியலை ஒருமுறை திறந்தால் எல்லாம் அணைந்துவிடும். பிறகு பழைய பெயரையே வைத்து, ஒவ்வொன்றாக இயக்குங்கள். எதை இயக்கும்போது கடை நிற்கிறதோ, குறை அதில்தான். இந்தச் சோதனை முடியும்வரை கடை இயங்காது. ஆகவே வாடிக்கையாளர் வராத நேரத்தில் செய்வது நல்லது.

பொருள் தெரியவில்லை என்றால்

உங்களுக்குத் தெரிகிறது, வாடிக்கையாளருக்கு "விரைவில்" என்ற அறிவிப்பு மட்டும் வருகிறது என்றால், வூகாமர்ஸ் செட்டிங்ஸில் சைட் விசிபிலிட்டியைப் பாருங்கள். 2024 முதல் வந்த வசதி இது. கடையை "லைவ்" என்று மாற்றும்வரை நிர்வாகிக்கு மட்டுமே கடை தெரியும். ஒரு சில பொருள்கள் மட்டும் மறைந்தால், இருப்பு தீர்ந்தவற்றை மறைக்கும் தெரிவு இன்வென்டரி பகுதியில் இயங்குகிறதா என்று கவனியுங்கள். பொருளைத் தொட்டதும் 404 என்று வந்தால், செட்டிங்ஸில் பெர்மாலிங்க்ஸ் பக்கத்தைத் திறந்து, எதையும் மாற்றாமல் சேமித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். படங்கள் வராமல் பூட்டுக் குறியும் மறைந்தால், படங்களின் முகவரி இன்னும் எச்டிடிபியில் இருக்கிறது என்று பொருள்.

அமானிதம் பேண வேண்டிய இடம்

கடை வேகமாகத் திறக்க, கேஷ் பிளக்இன் போடுகிறோம். ஒருமுறை தயாரித்த பக்கத்தை எல்லாருக்கும் எடுத்துக் கொடுப்பது அதன் வேலை. கூடை, பணம் செலுத்தும் பக்கம், என் கணக்கு ஆகிய மூன்றையும் அதிலிருந்து விலக்கியே வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஒருவரின் பெயரும் வீட்டு முகவரியும் மற்றொருவர் திரையில் தெரிய வாய்ப்புண்டு. பொருள் வாங்க வந்த பெண்களின் விவரம் நம்மிடம் உள்ள அமானிதம். விற்பனை குறைந்தால் ஈடுகட்டலாம். இதை ஈடுகட்ட முடியாது.

இன்றே செய்யுங்கள்

டொமைன், ஹோஸ்டிங், நிர்வாகி மின்னஞ்சல் மூன்றும் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். அமைத்துத் தந்தவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், அவருக்குத் தனிக் கணக்கு கொடுங்கள். உங்கள் பாஸ்வேர்டைக் கொடுக்காதீர்கள். கடையைச் சரிசெய்து தருகிறேன் என்று போனில் ஓடிபி கேட்பவரிடம் எதையும் சொல்லாதீர்கள். பணம் பறிபோனால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள்.

இவற்றைச் செய்தும் கடை திறக்காவிட்டால், திரையில் வரும் பிழைச் செய்தியைப் படம் பிடித்துக்கொண்டு ஜும்ஆவுக்குப் பிறகு நம் அலுவலகத்துக்கு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், கட்டணமின்றி உதவுகிறோம். அந்தச் சகோதரியின் கடை பிறை 19 அன்று மீண்டும் திறந்தது. அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான வருமானத்தில் பரக்கத் செய்வானாக, ஆமீன்.